பொதுச் சுவரில் ஒரு மாடம்

எங்கள் தெருவின் பழைய வீடுகளைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு கமிட்டி இருக்கிறது. அதற்கு நான் ஜாயின்ட் கன்வீனர். அந்தப் பதவியில் இருக்கும்போதே, முப்பத்திரண்டு இன்ச் டிவி ஒன்றைப் பதிப்பதற்காக, என் வீட்டின் பழைய சுவரை வாடகை டிரில்லிங் மெஷினால் நானே குடைந்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. குடிக்கவும் இல்லை. ஒரு சனிக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, பூரண சுயநினைவோடு செய்தேன். செய்யும்போது பாட்டு வேறு பாடினேன் என்று ஞாபகம்.

வலியசாலையில் எங்கள் வரிசை வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே சந்து கிடையாது. ஒரே சுவர்தான், இரண்டு வீட்டுக்கும் அதுவே. இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காலண்டர் விழும். அதனால்தான் எங்கள் கமிட்டி போட்ட முதல் விதியே, பொதுச் சுவரில் யாரும் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்பது. அந்த விதியை எழுதியவன் நான். கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

எழுதியதோடு நின்றேனா என்றால் இல்லை. தெருக் கடைசியில் ஒரு ரிட்டயர்டு பேங்க் மானேஜர், பழைய மர ஜன்னலைக் கழற்றிவிட்டு அலுமினிய ஜன்னல் போட்டார். அடுத்த மீட்டிங்கில் நான் எழுந்து, உங்கள் ஜன்னல் பக்கமாக வரும்போதெல்லாம் கொல்லத்துக்கு ஒரு ரயில் டிக்கெட் கேட்கத் தோன்றுகிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் அலுமினியம் போய் மரம் திரும்ப வந்தது. அன்றிலிருந்து கமிட்டியில் என்னை ஒரு ஆயுதம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தில், கோவில் உற்சவத்தில், ரிட்டயர்மென்ட் பார்ட்டியில் மைக் பிடித்துச் சிரிக்க வைப்பதுதான் ஐம்பத்திரண்டு வயதில் என் முக்கியமான தொழில். லைப்ரரி உத்தியோகம் சம்பளத்துக்கு.

என் மனைவி மூன்று வாரம் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் இது நடந்திருக்காது. டிவி ஸ்டாண்ட் ஹாலை அடைக்கிறது என்று அவள் குறைப்பட்டதுண்டு, அதனால் அவள் வருவதற்குள் ஒரு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஹால் சுவரில் ஏற்கெனவே ஒரு மாடம் இருந்தது. முன்காலத்தில் விளக்கு வைக்க விட்ட சின்னக் குழி, மேலே வளைவோடு. இப்போது அதில் கரண்ட் பில்லும் ஸ்கூட்டர் சாவியும்தான். புதிதாக ஓட்டை போடுவதுதானே தப்பு, இருக்கிற ஓட்டையைப் பெரிதாக்குவது எப்படித் தப்பாகும் என்று எனக்கு நானே வாதாடினேன். எதிர்க்கட்சி வக்கீல் ஆஜராகாததால் ஜெயித்தேன்.

வெட்டுக்கல் சுவர் நான் நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது. வெளியே சுண்ணாம்பு, உள்ளே செம்மண் நிறத்தில் புட்டு மாதிரி உதிர்ந்தது. மாடத்தை இடது பக்கம் இரண்டு சாண் அகலப்படுத்தி, உள்ளேயும் ஒரு சாணுக்கு மேல் போனேன். ஆறு வாளி மண் எடுத்துக் கொல்லையில் வாழைக்குப் போட்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் நியூஸ் கேட்டது. மலையோர ஜில்லாக்களில் மழைக்கு மஞ்சள் அலெர்ட் என்று ஒரு பெண் மலையாளத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டில் ரேடியோ கிடையாது. அடுத்த வீட்டு மாமாவுடையது அது. இருபது வருஷமாக அந்த ரேடியோ எனக்கு ஒரு முணுமுணுப்பாகத்தான் கேட்டிருக்கிறது. இன்றைக்கு அவள் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது.

அப்போதே பயந்திருக்க வேண்டும். நானோ, சாயங்காலம் அவரிடம் சொல்ல ஒரு ஜோக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வீட்டு மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் போயிற்று. பேச்சு நாலைந்து வார்த்தையோடு நின்றது. கட்டிலை விட்டு இறங்க மாட்டார். தினமும் ஐந்து மணிக்கு நான் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்து ஏதாவது வேடிக்கை சொல்வேன். வாயின் இடது பாதி மட்டும் சிரிக்கும். மைக் பிடித்து முந்நூறு பேரைச் சிரிக்க வைத்த நாட்களைவிட, அந்த அரை வாய் சிரிக்கும்போது எனக்குக் கர்வம் அதிகம். மாமி காபி தருவாள். எனக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே அவர்களைத் தெரியும். என்னை மாமி நீ, வா, போ என்றுதான் பேசுவாள்.

மாமாவின் கட்டில் அந்தப் பொதுச் சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தது. நான் குடைந்த சனிக்கிழமை பகல் முழுக்க அவரை ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்காகக் கூட்டிப்போயிருந்தார்கள், அதனால் டிரில் சத்தம் அங்கே யார் காதிலும் விழவில்லை. தலையணைக்கு மேலே அவர்கள் வீட்டு மாடம். அதில் ரேடியோ, மருந்து டப்பா, விபூதி.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். ஆனால் இரண்டு மாடத்தையும் நான் என் தலைக்குள் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

சேர்த்துப் பார்த்தவர் கொத்தனார். புதன்கிழமை காலை, குழியை மெழுகி ஓரம் நேராக்கித் தர வரச் சொல்லியிருந்தேன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், கோட்டைக்குள்ளே பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை செய்கிறவர். உள்ளே வந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார். விரல் முட்டியால் குழியின் உள்சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த வீட்டுல இதே எடத்துல மாடம் உண்டா சாரே?"

உண்டு என்றேன்.

அவர் நிதானமாக விளக்கினார். இந்த வரிசை முழுவதும் ஒரே கையால் கட்டினது, ஒரே கயிற்றைப் பிடித்து. இந்த வீட்டில் எங்கே மாடம் விட்டார்களோ, அந்த வீட்டிலும் அதே உயரத்தில், அதே இடத்தில், முதுகோடு முதுகு ஒட்டி விட்டிருப்பார்கள். நடுவே ஒரு முழுக்கல் கனம் இருக்கும், அது போதும். நான் அந்தக் கல்லில் முக்கால்வாசியை வாழைக்குப் போட்டுவிட்டேன்.

அதோடு முடியவில்லை. அவர் நிமிர்ந்து மேலே காட்டினார். ஓட்டுக் கூரையைத் தாங்குகிற பெரிய உத்தரம், ஒரே அயினி மரம், என் ஹாலிலிருந்து சுவரைத் தாண்டி மாமா வீட்டுக்குப் போகிறது. இரண்டு வீட்டுக் கூரைக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கிற இடம் இந்தச் சுவர். பழைய மாடம் அதற்குத் தள்ளித்தான் இருந்தது. நான் இடது பக்கம் அகலப்படுத்தின இரண்டு சாண், நேராக அதன் அடிக்கு வந்திருந்தது.

"அதுக்க அடியில இப்பம் காத்துதான் இருக்கு. கல்லு இல்ல," என்றார். பிறகு, "அந்தப் பக்கம் யாரு கெடக்கா?"

வயசானவர், எழுந்திருக்க முடியாது என்றேன்.

அவர் குழியின் மேல் மூலையிலிருந்து ஏறுகிற ஒரு கோட்டைக் காட்டினார். தலைமயிர் கனம். நான் சிலந்தி நூல் என்று நினைத்திருந்தேன். அடுக்களையிலிருந்து கொஞ்சம் சாதம் கேட்டார். அதைப் பிசைந்து, நியூஸ்பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, வெடிப்பின் குறுக்கே ஒட்டினார். சுவர் நகர்ந்தால் பேப்பர் கிழியும். கிழியாத வரைக்கும் நேரம் இருக்கிறது. மத்தியானம் ஆட்டோவில் இரண்டு தென்னந்தடி கொண்டு வந்து என் பக்கத்தில் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கமும் முட்டுக் கொடுத்தால்தான் சரியாகும், கமிட்டியில் சொல்லி அனுமதி வாங்கினால் சுண்ணாம்பிலேயே கட்டித் தருகிறேன் என்றார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் கட்டிலை மாற்ற வேண்டும்.

"இண்ணைக்கே சொல்லுங்க சாரே. செவரு நம்மளுக்கு வேண்டி நிக்காது."

அன்றைக்கு ஐந்து மணிக்குச் சொல்வதென்று முடிவு செய்தேன். வார்த்தைகளைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்தேன். போய் உட்கார்ந்தேன். மாமா என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினார், ஆரம்பி என்று. மாமி காபியைக் கொண்டு வந்து வைத்தாள். அவர் தலைக்கு மேலே, ரேடியோவுக்குப் பின்னால், மாடத்தின் உள்சுவர் எனக்குத் தெரிந்தது. அதன் மறுபக்கத்தில் என் டிரில் எங்கே நின்றது என்று எனக்கு மட்டும் தெரியும். ஒரு கோவில் யானையைப் பற்றி ஏதோ ஜோக் சொன்னேன். அரை வாய் சிரித்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

வரும்போது வாசலில் நின்று, கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் போட்டால் நல்ல காற்று வருமே என்று மட்டும் சொன்னேன். அங்கேயிருந்து பாத்ரூம் தூரம், நீயா தினமும் வந்து தூக்குவாய் என்று மாமி கேட்டாள்.

அந்த ராத்திரி நான் தூங்கவில்லை என்று சொன்னால் போதும். வியாழக்கிழமை எழுந்ததும் பேப்பரைப் பார்த்தேன், முழுசாக இருந்தது. அன்று வாஸ்துவைப் பிடித்தேன். மாமா தலையை வடக்கே வைத்துப் படுத்திருக்கிறார், அது உடம்புக்கு ஆகாது என்றேன். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது என்பது தெருவுக்கே தெரியும்.

"நீ எப்போலேர்ந்து இதெல்லாம் பாக்கறே? கமிட்டியில புதுசா சேத்தேளோ?" என்றாள் மாமி.

வெள்ளிக்கிழமை, அந்தச் சுவரில் கரையான் வந்திருக்கிறது போலிருக்கிறதே என்றேன். இது பலிக்கும் என்று நினைத்தேன். மாமி உள்ளே போய் மண்ணெண்ணெய் கொண்டு வந்து, மாடத்தின் மூலையிலெல்லாம் ஊற்றி, தென்னங்குச்சி விளக்குமாற்றின் அடிக்கட்டையால் டக் டக்கென்று குத்திச் சுத்தம் செய்தாள். ஒவ்வொரு குத்துக்கும் எனக்கு ஒரு வயது கூடியது. போதும் மாமி, போதும் மாமி என்று கெஞ்சினேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மிச்சமிருந்த நாலைந்து வார்த்தையில் ஒன்று 'என்ன'. அதைக் கேட்டார். ஒண்ணுமில்லை மாமா, வெறுதே, சும்மாத்தான் என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு விஷயம் இருந்தது. கமிட்டி ஏற்பாடு செய்த ஹெரிடேஜ் வாக். டவுனிலிருந்து இருபது இருபத்தைந்து பேர் வந்து தெருவைச் சுற்றிப் பார்ப்பார்கள். உள்ளே போய்ப் பார்க்க, எதுவுமே மாற்றாத ஒரு வீடு வேண்டும் என்று பேச்சு வந்தபோது, மூன்று மாதத்துக்கு முன்னால், கை தூக்கினவன் நான். சுவரைக் குடையும்போது அது எனக்கு ஞாபகமே வரவில்லை. ஞாயிறு கழியட்டும், திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று ஆயிற்று. நாலு நாள் நின்ற சுவர் இன்னும் நாலு நாள் நிற்காதா. இப்படித்தான் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் இப்படித்தான்.

சனிக்கிழமை முழுக்க அலங்காரம். குழியின் மேல் என் மனைவியின் ஜரிகைக் கரை போட்ட கசவு முண்டைத் தொங்கவிட்டேன். தென்னந்தடி முட்டு இரண்டையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் குலையோடு இரண்டு வாழை மரம் வாங்கி வந்து, தடியோடு சேர்த்துக் கட்டினேன், கல்யாண வாசல் மாதிரி. மாவிலை வேறு.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வந்தார்கள். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்தார்கள், கோவிலுக்குள் வருகிற மாதிரி. வீட்டுக்குள் எதற்கு வாழை என்று ஒரு பெண் கேட்டாள், ஆர்க்கிடெக்சர் படிக்கிறவள். எங்கள் குடும்ப வழக்கம் என்றேன். எழுதிக்கொண்டாள். நான் சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நம் முன்னோர்கள் ஒருவர் வீட்டுச் சுமையை அடுத்தவர் சுவரில் எப்படிப் பகிர்ந்து வைத்தார்கள் என்று பத்து நிமிஷம். அதற்கு நடுவில் கதர் ஜிப்பா போட்ட கனமான ஒரு ஆள், கேட்டுக் களைத்துப்போய், கசவு முண்டு தொங்குகிற இடத்தில் சாயப் போனார். நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் திகைத்துப்போய் நின்றார். அங்கே தெய்வம் இருக்கிறது என்றேன். அவர் கைகூப்பினார். பின்னாலிருந்து இரண்டு பேரும் கைகூப்பினார்கள். முண்டுக்குப் பின்னால் பேப்பர் கிழிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முதுகில் வியர்வை ஓடுகிறது, வாய் பாட்டுக்குப் பேசுகிறது. போகும்போது கை தட்டினார்கள். கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் முண்டைத் தூக்கிப் பார்த்தேன். பேப்பர் கிழியவில்லை. ஆனால் புதனன்று தளர்வாக இருந்தது, இப்போது தம்புராக் கம்பி மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஆபீசுக்கு இரண்டு நாள் லீவு சொன்னேன். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பல்லி ஓடினால்கூட உடம்பு தூக்கிப்போட்டது. அந்தப் பக்கம் மாமி மாமாவுக்கு ஸ்பூனில் கஞ்சி கொடுப்பது, டம்ளர் வைப்பது, அவர் இருமுவது எல்லாம் கேட்டது. இருமலுக்கெல்லாம் சுவர் விழாது என்று அறிவு சொல்கிறது, ஆனாலும் மாமா, மெதுவா மாமா என்று நான் இங்கேயிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மனைவிக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுநடுவே வேடிக்கையாகத்தான் சொன்னேன், வாழைக்குலை வரைக்கும். அவள் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றேள்? அங்கே போய்ச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போனேன். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. மாமாவின் தம்பியும் மச்சினியும் வந்திருக்கிறார்கள். விருந்தாளிகள் முன்னால் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை போனபோது பிசியோதெரபி பையன் மாமாவின் காலை மடக்கிக்கொண்டிருந்தான். அப்புறம் வருகிறேன் என்று மறுபடி திரும்பினேன். காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு திறமை உண்டு என்று அந்த வாரம்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி. துலா மாசத்து மழை எப்போதும் அந்த நேரத்துக்குத்தான் வரும். முதலில் இருட்டியது. பிறகு இடி. ஓடெல்லாம் ஒரு தடவை கடகடத்தது. நான் குழிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மழை கொட்ட ஆரம்பித்தது. கூரை நனைந்து கனக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நனைந்த ஓடு எத்தனை கனம் என்று யோசித்தேன். அந்தக் கனமெல்லாம் எங்கே போய் இறங்கும் என்று யோசித்தேன்.

இரண்டாவது இடிக்குப் பிறகு, உத்தரத்தின் அடியிலிருந்து சிவப்புப் பொடி விழுந்தது. உப்பு தூவுகிற மாதிரி, சத்தமே இல்லாமல். விழுவது நிற்கவில்லை. நான் எழுந்து பேப்பரைப் பார்த்தேன். நடுவில் கிழிந்திருந்தது. கிழிந்த இரண்டு முனைக்கும் நடுவே என் சுண்டு விரல் போகும்.

ஒரு நிமிஷம் என் கால் நகரவில்லை. உண்மையாகவே நகரவில்லை. எழுதும்போது வேடிக்கையாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன், இல்லை. அந்தப் பக்கம் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

பிறகு ஓடினேன். என் வாசலிலிருந்து அவர்கள் வாசல் ஆறு எட்டு. அதற்குள் முழுக்க நனைந்துவிட்டேன். மழைச் சாரலுக்காகக் கதவைச் சாத்தியிருந்தார்கள். இரண்டு கையாலும் அடித்தேன். மாமி திறப்பதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. உங்காத்துல ஒழுகறதா என்று கேட்டாள்.

"மாமி, கட்டிலை எடுக்கணும். நான் செவரைத் தோண்டிட்டேன். விழப் போறது."

"எந்தச் செவரை?"

"மாமா பக்கத்துச் செவர். டிவிக்காக."

அவள் உள்ளே ஓடினாள். கட்டில் கால்களைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள், மாமாவைத் தூக்கி இறக்க வசதிக்காக. இழுத்தால் வராது, முதலில் தூக்க வேண்டும். நான் தலைமாட்டில், மாமி கால்மாட்டில். தலைமாடு என்றால் மாடத்துக்கு நேர் கீழே. என் கழுத்தில் பொடி விழுந்தது. மாமா பயந்து இடது கையால் என் பனியனைப் பிடித்துக்கொண்டார். "என்ன," என்றார். "என்ன, என்ன." முதல் தடவை தூக்கினபோது ஒரு கால்தான் செங்கல்லிலிருந்து இறங்கியது. கட்டில் சாய்ந்தது. மாமி தோளைக் கொடுத்து நிமிர்த்தினாள். எழுபது வயது, முட்டு வலி, எங்கேயிருந்து அந்தப் பலம் வந்ததென்று தெரியாது. இரண்டாவது தடவை இறங்கியது. மொசைக் தரையில் கட்டில் கிறீச்சென்று ஓடி, எதிர்ச் சுவரில் போய் முட்டியது.

"எப்போ தோண்டினே?" என்று மாமி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

போன சனிக்கு முந்தின சனிக்கிழமை என்றேன். விழும் என்று எப்போது தெரிந்தது என்று கேட்டாள். புதன்கிழமை என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அதற்குள் மாடம் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம். முதலில் உள்சுவர் போயிற்று, அதன் வழியாக என் ஹாலும் கசவு முண்டின் ஓரமும் தெரிந்தன. பிறகு மேலேயிருந்து இரண்டு வெட்டுக்கல், ஒன்றன் பின் ஒன்றாக, ரேடியோவையும் மருந்து டப்பாவையும் இழுத்துக்கொண்டு, நாலு செங்கல் மட்டும் நின்ற அந்த இடத்தில் விழுந்தன. மாமாவின் தலையணை அவசரத்தில் கீழே விழுந்து அங்கேயே கிடந்தது. ஒரு கல் அதன் மேல் உட்கார்ந்தது. உத்தரம் ஒரு முனகல் முனகி, நாலு விரல் இறங்கி, என் பக்கத்துத் தென்னந்தடியில் மாட்டிக்கொண்டு நின்றது. பத்துப் பன்னிரண்டு ஓடு சரிந்து, மழை நேராக உள்ளே கொட்டியது.

மாமா அழுதார். இரண்டு கண்ணும் அழுதது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொத்தனார் ஒரு மணி நேரத்தில் வந்தார். இந்தப் பக்கம் முட்டுக் கொடுத்து, தார்ப்பாய் போட்டு மூடினார். அடுத்த நாள் கமிட்டிக்கு நடந்ததையெல்லாம் எழுதி, பதவி வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்தேன். மீட்டிங் போட்டார்கள். முறைப்படி அனுமதி வாங்கி, சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து, வெட்டுக்கல்லைக் கல்லாக அடுக்கி, சுவர் எழும்ப ஒன்றரை மாதம் ஆயிற்று. இரண்டு பக்கமும் மாடத்தை முன்பு இருந்த அளவிலேயே விட்டார்கள். அந்த ஒன்றரை மாதமும் மாமா முன்னறையில் படுத்திருந்தார், தெருச் சத்தத்தில், கொசுவில்.

அந்த மீட்டிங்கில் என்னைக் கிழித்துவிடுவார்கள் என்று பயந்து போனேன். அலுமினிய ஜன்னல்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது பழக்க தோஷம், வாழைக்குலையும் கைகூப்பின ஜிப்பாக்காரரும் வந்துவிட்டார்கள். சிரித்தார்கள். ஜன்னல்காரர்கூடச் சிரித்தார். தப்புப் பண்ணினாலும் சமயத்தில் ஓடிப்போய் ஒரு உயிரைக் காப்பாற்றினாரே என்று ஒருவர் சொன்னார். ராஜினாமாவை வாங்க மாட்டோம் என்றார்கள். நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அது ஒரு கதையாகிவிட்டது. கோவில் வாசலில் கேட்டார்கள், சொன்னேன். லைப்ரரியில் கேட்டார்கள், சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகு ஏறியது. மழையில் நான் ஓடின ஓட்டம் நீண்டுகொண்டே போயிற்று. கால் நகராமல் நின்ற ஒரு நிமிஷம் எங்கேயோ விழுந்துபோயிற்று. புதன்கிழமையும் விழுந்துபோயிற்று.

சுவர் காய்ந்து, மாமாவின் கட்டில் பழைய இடத்துக்குத் திரும்பின அன்றைக்கு, ஐந்து மணிக்குப் போனேன். புது ரேடியோ ஒன்று வாங்கிக்கொண்டு போய் மாடத்தில் வைத்தேன். மாமி காபி கொண்டு வந்தாள். மாமா என்னைப் பார்த்தார். நான் அந்தக் கதையையே அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன், தெருவில் சொல்கிற மாதிரி, கையைக் காலை ஆட்டிக்கொண்டு. கதவை அடித்தது வரைக்கும் வந்தேன். அரை வாய் அசையவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எல்லாரும் என்னவோ நான்தான் மாமாவைக் காப்பாத்தினேன்னு சொல்லிண்டிருக்கா என்று, பேச்சை மாற்ற, மாமியைப் பார்த்துச் சிரித்தேன்.

"நீ காப்பாத்தலை, கேட்டயா," என்றாள் மாமி. "அன்னிக்கு மழை பெஞ்சுது. வெயில் அடிச்சிருந்தா நீ வந்து சொல்லியே இருக்க மாட்டே."